ஒரு கட்டு கறுவா: கொழும்பு நாட்குறிப்பு

முதலாம் நாள், வியாழன். வெள்ளவத்தை

யாழ்ப்பாணத்து இரவு பஸ் விடியப்புறம் நாலரைக்குக் காலி வீதியில் இறக்கிவிட்டது. நல்ல மழை. ஆனி மாதம் எங்கள் பக்கம் புழுதி பறக்கிற காலம். இங்கே தென்மேற்குப் பருவம் தொடங்கி, கடற்கரையை நோக்கிப் போகிற ஒழுங்கைகளில் கணுக்கால் தண்ணீர். சித்தியின் ஃபிளாட் மூன்றாம் மாடி, லிஃப்ட் வழமைபோல வேலை செய்யவில்லை.

வந்த காரியம் கறுவா, அதாவது இலவங்கப்பட்டை. அம்மாவும் நானும் சுன்னாகத்தில் வீட்டோடு தூள் செய்து விற்கிறோம். மல்லி, செத்தல் மிளகாய், சீரகம் எல்லாம் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். கறுவா தெற்கிலிருந்துதான் வரவேண்டும். போன மாசியில் கொழும்பு வியாபாரி ஒருவரிடம் பத்துக் கிலோ சொல்லி, பார்சலில் வந்தது. வெளிப்பட்டை கடுதாசி மாதிரி மெல்லிசு, பொன்னிறம், நல்ல வாசம். பட்டையைச் சுருட்டிக் கட்டின அந்தக் குழல் ஒன்றை முறித்தால் உள்ளே துண்டும் துணுக்குமாகத் திணித்திருந்தது. அம்மா அதை முற்றத்துச் சுளகில் கொட்டிப் பார்த்துவிட்டு, "சேலை பட்டு, உள்பாவாடை சாக்கு" என்றா.

நான் ஃபோன் எடுத்துச் சண்டை பிடித்தேன். "அது அப்படித்தான் தங்கச்சி" என்று அந்த மனிசன் வைத்துவிட்டார். அந்த "அப்படித்தான்" நாலு மாதமாக எனக்குள் கிடந்து குத்துகிறது. இந்த முறை கண்ணால் பார்த்து வாங்குவதென்று வந்திருக்கிறேன்.

"கறுவாவுக்கு ஏன் பிள்ளை புறக்கோட்டைக்கு அலையிறாய்? கறுவாத்தோட்டம் இந்தா பக்கத்திலதானே கிடக்கு" என்று சித்தப்பா பகிடி விட்டார். கொழும்பு 7ஐத்தான் சொல்கிறார், கறுவாத்தோட்டம் என்பது அந்தப் பணக்காரப் பகுதியின் பெயர். அங்கே ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பகிடி முழுதாக விளங்கும்.

இரண்டாம் நாள், வெள்ளி. புறக்கோட்டை

101ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை. நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் நடக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கடைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லலாம். முதலில் வெங்காயம், பிறகு கருவாடு, பிறகு செத்தல் மிளகாய் மூக்கில் ஏறித் தும்மல். கண்ணை மூடினால் மூட்டை சுமக்கிற நாட்டாமிமாரின் கைவண்டில் காலில் ஏறிவிடும் என்பது வேறு கதை. முதுகில் சாக்கு மூட்டையோடு குனிந்தபடி ஓடுகிற அந்த ஆட்களுக்கு எதிரில் வருகிறவரின் முழங்கால் மட்டும்தான் தெரியும். "பைட்... பைட்..." என்ற சத்தம் கேட்டால் ஒதுங்க வேண்டியது எங்கள் பாடு.

சித்தப்பாவுக்குத் தெரிந்த கடை. முதலாளி வயதான முஸ்லிம் மனிசர், எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கடை பூட்ட முதல் வரச்சொல்லியிருந்தார். சுவரோரமாகச் சணல் சாக்கில் கட்டின கறுவாக் கட்டுகள், ஒன்று 45 கிலோ. குழல்கள் எல்லாம் ஒரே நீளம். நானா ஒன்றை உருவித் தந்து அளக்கச் சொன்னார். 42 அங்குலம்.

"எல்லாக் கறுவாவும் ஒண்டில்ல புள்ள. மெலிசு எவ்வளவோ, வெல அவ்வளவு."

ஆக மெலிசு அல்பா. குழலின் குறுக்களவு ஆறு மில்லிமீற்றருக்குள், சின்ன விரலைவிட ஒடுக்கம். அதற்குக் கீழே சி 5 ஸ்பெஷல், சி 5, சி 4 என்று கொண்டினென்டல் வகை, பிறகு எம் என்ற எழுத்தோடு மெக்சிக்கன், கடைசியில் எச் என்ற ஹம்பர்க். வாங்குகிற ஊர்களின் பெயரே தரத்தின் பெயராகிவிட்டது. எங்கள் கறுவாவை இன்றைக்கும் ஆகக் கூடுதலாக வாங்குகிற நாடு மெக்சிக்கோ என்று நானா சொன்னபோது நம்பக் கஷ்டமாக இருந்தது. சொக்கலேற் பானத்துக்கும் பாற்சோற்றுக்கும் போடுகிறார்களாம்.

மேசை லாச்சியிலிருந்து இன்னொரு துண்டும் எடுத்துக் காட்டினார். மரப்பட்டை மாதிரித் தடிப்பு, ஒரே ஒரு அடுக்கு, இரண்டு கரையும் உள்நோக்கிச் சுருண்டு கிடந்தது. முறிக்க விரலால் முடியவில்லை. சீனப் பட்டை, காசியா. தமிழ்நாட்டுக் கடைகளில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது இதுதான். காரம் கூட, விலை குறைவு. கூமரின் என்ற பொருள் இதில் கூடுதலாக இருக்கிறது, அளவுக்கு மிஞ்சினால் ஈரலுக்குக் கூடாது. நம்முடையதில் அது பேருக்குத்தான் உண்டு. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. இலங்கைப் பொருள் ஒன்றுக்குக் கிடைத்த முதலாவது அப்படியான பாதுகாப்பு அது.

நான் வந்த கேள்விக்கு வந்தேன். ஒரு குழலை முறிக்கட்டா என்று கேட்டேன். முறித்தார். உள்ளே அதே துண்டும் துணுக்கும்!

"இதைத்தான் நானா நான் சொல்லுறன்."

"உள்ள ஈக்கிறதும் பட்டைதான் புள்ள. மரத்தில ஈந்து எல்லாம் முழுசாவா கழரும்?" என்று சிரித்தார். பிறகு, "பட்டை உரிக்கிற வாடியில போய் ஒருக்கா பாருங்க. பாத்திட்டு வந்து சண்டை புடிங்க."

வாங்காமல் திரும்பிவிட்டேன். சித்தியின் முன்வீட்டு அக்கா சிங்களப் பெண், ஊர் கரந்தெனிய. அவவின் மாமா கறுவா வாடி வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறா.

மூன்றாம் நாள், சனி. கொழும்பு 7

வேலை இல்லாத நாள். சித்தப்பா குடையும் கையுமாக என்னைக் கறுவாத்தோட்டம் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். வார்ட் பிளேஸ், பார்ன்ஸ் பிளேஸ், ரோஸ்மீட் பிளேஸ். உயர்ந்த மதில்கள், தூதரகங்கள், காவல்கூண்டுக்குள் கொட்டாவி விடுகிற செக்கியூரிற்றிமார். விகாரமகாதேவிப் பூங்காவில் ஜோடிகள் குடைக்குக் கீழே. நாங்கள் நடந்த தெருக்களில் ஒரு கறுவாக் கன்றும் என் கண்ணில் படவில்லை.

சித்தப்பா அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர். ஃபைல் எழுதின கை, திகதி தப்பாது. 1505இல் வந்த போர்த்துக்கேயர் இங்கே தங்கினதும் கறுவாவுக்கு, 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்ததும் கறுவாவுக்கு. ஒல்லாந்தர் வந்தபிறகும் நெடுங்காலம் கறுவா காட்டுப் பொருள். தோட்டம் என்று ஒன்று கிடையாது. உரிக்கிற ஆட்களைக் காட்டுக்குள் அனுப்புவார்கள், பாதிக் காடு கண்டி மன்னனின் எல்லைக்குள். கண்டியோடு பிணக்கு வருகிற வருடமெல்லாம் கப்பலுக்குப் பட்டை இல்லை. 1766இல் கண்டியோடு சண்டை ஓய்ந்தபின், ஆளுநர் ஃபால்க் காலத்தில்தான் கொழும்பின் ஓரத்தில், மருதானைப் பக்கத்து மணலில் கறுவாவை நட்டுப் பார்த்தார்கள். வந்தது. அந்தத் தோட்டத்தின் மேல்தான் இப்போது இந்த மதில்கள் நிற்கின்றன.

உரித்தவர்கள் யார் என்று கேட்டேன். மழை வலுத்ததால் நூதனசாலை வாசலில் ஒதுங்கினோம், கதை நீண்டது.

சாலகம என்ற சாதியாரின் தலையில் அந்த வேலை கட்டப்பட்டிருந்தது. கறுவாவுக்கென்றே ஒரு நிர்வாகம், அதற்கு மகாபத்த என்று பெயர். பத்த என்றால் வரி. ஆனால் இந்த வரியைக் காசாகக் கட்ட முடியாது. ஆண்பிள்ளையின் பெயர் ஏட்டில் ஏறிவிட்டால் இத்தனை பாரம் பட்டை உரித்துக் கொடுக்கவேண்டும் என்று கணக்கு. ஏட்டில் ஏறாமலிருக்கப் பிள்ளையை வேறு சாதிப் பெயரில் பதிந்தவர்கள் உண்டு, கண்டி எல்லைக்குள் ஓடிப்போனவர்கள் உண்டு. அனுமதி இல்லாமல் கறுவாவை வெட்டினாலோ விற்றாலோ மரண தண்டனை என்று ஒல்லாந்தர் சட்டம் வைத்திருந்தார்கள். ஒரு மரத்தின் தோலுக்கு ஆளின் உயிர். ஆங்கிலேயர் 1796இல் வந்தும் தனியுரிமையை விடவில்லை. 1833இல்தான் அது போனது.

"இதில நாங்கள் எங்க நிக்கிறம் சித்தப்பா?"

"எங்கட ஆரியச்சக்கரவர்த்தியும் சும்மா இருக்கேல்லை" என்றார். 1344இல் மொரோக்கோப் பயணி இபன் பதூதா புத்தளத்தில் இறங்கினபோது, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் மேடு மேடாகக் கிடந்ததை எழுதியிருக்கிறார். சோழமண்டலத்து, மலபார்க் கரை வியாபாரிகள் அரசனுக்குச் சீலையும் அது மாதிரியும் காணிக்கை வைத்துவிட்டு மரத்தை அள்ளிக்கொண்டு போனார்களாம். அந்த அரசன்தான் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. ஒரு காலம் கரையில் சும்மா கிடந்த பொருளுக்கு நாலு நூற்றாண்டு கழித்துத் தூக்குக் கயிறு!

வரும்போது சாந்தி விகாரில் தோசை. சித்தப்பா கணக்கைப் பார்த்துவிட்டுக் கறுவா விலையையே மறந்துவிட்டார்.

நாலாம் நாள், ஞாயிறு. கரந்தெனிய

இன்று கொழும்பில் இல்லை. கோட்டையிலிருந்து காலிப் பக்கம் போகிற ரயிலில் அம்பலாங்கொடை, அங்கிருந்து எல்பிட்டிய பஸ். ரயிலில் கடற்பக்க யன்னல் கிடைத்தது, ஆனால் மழைக்கு அடைத்தே வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று அக்காவிடம் கேட்டேன். "பட்டை கழருற நேரம் கிழமை பாக்காது நங்கி" என்றா. மழை பெய்து, செந்தளிர் வெளிர்பச்சைக்கு மாறுகிற கொஞ்ச நாளில்தான் மரத்தில் சாறு ஓடி, பட்டை கட்டையை விட்டுப் பிரியுமாம்.

உரிக்கிற கொட்டிலுக்கு அவர்களும் வாடி என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் கரையோரத்து மீன்வாடி எப்படியோ அப்படி: தகரக் கூரை, அரைச் சுவர், மண் நிலம். கூரைக்குக் கீழே தும்புக் கயிறுகளை நெருக்கமாக இழுத்துக் கட்டி, அதில் கறுவாக் குழல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வெயில் படக்கூடாது, நிழற்காய்ச்சல்தான். வாசம் ஒரு வேலிக்கு அப்பாலேயே வந்துவிட்டது.

அக்காவின் மாமாவை நானும் மாமா என்றேன். இரண்டு பாஷையிலும் அந்தச் சொல் ஒன்றுதான். அறுபது தாண்டின மனிசர், சாரம், வெறும் மேல். மருமகன்காரன் விடியவே தோட்டத்துக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்திருந்தான். கறுவாவை மரமாக வளர விடுவதில்லை. அடியோடு தறித்துவிட, புதராக நாலைந்து தண்டு வெடித்து வரும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் பெருவிரல் மொத்தம் வந்ததும் வெட்டு. வெட்டின அன்றைக்கே உரித்துவிட வேண்டும், ஈரம் போனால் பட்டை கட்டையோடு ஒட்டிவிடும். இலையையும் கொப்பையும் வேறாகக் குவித்திருந்தார்கள், எண்ணெய் வடிக்க. ஒரு இலையைக் கசக்கி மணந்தேன். கறுவா மணம் இல்லை, கராம்பு! கராம்பிலுள்ள அதே யூஜினோல்தான் கறுவா இலையிலும். பட்டையில் கறுவா, வேர்ப்பட்டையில் கற்பூரம். ஒரே செடிக்கு மூன்று மூக்கு.

மாமா சாக்கை விரித்து, கால் நீட்டி இருந்தார். தடியின் ஒரு முனையை மரக்கவட்டில் வைத்து, மறுமுனையைக் காலால் அண்டைக் கொடுத்துக்கொண்டார். வளைந்த சுரண்டியால் மேல்தோல் போகச் சுரண்டினார். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. பிறகு ஒரு பித்தளைத் தண்டை எடுத்து, சுரண்டின பட்டையின் மேல் அழுத்தித் தேய்த்தார், மேலும் கீழும், சுற்றிச் சுற்றி. சிங்களத்திலும் பித்தளைக்குப் பித்தல என்றுதான் பெயர். இந்தத் தேய்ப்புத்தான் தொழில். கறுவா உரிப்பதற்கே அவர்கள் சொல்கிற சொல் 'குருந்து தலனவா'. தலனவா என்றால் அடிப்பது, இடிப்பது. அழுத்தம் காணாவிட்டால் பட்டை கழராது, கூடினால் நசிந்துவிடும். எந்த அளவென்று கேட்டேன். அக்கா மொழிபெயர்க்க முதலே அவருக்கு விளங்கிவிட்டது. தடியைக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினார். சத்தம் மாறுமாம். நானும் காது கொடுத்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்.

பிறகு சின்னக் கத்தி. தடியைச் சுற்றி ஒரு வெட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு வெட்டு, நெடுக்காக எதிரெதிரே இரண்டு கீறல். கத்தி முனையை உள்ளே விட்டு மெல்லத் தள்ளிக்கொண்டு போனார். அரைக்குழாயாகப் பட்டை கையில் வந்தது, வெளிர்மஞ்சள், ஈரம், உள்பக்கம் வழுவழுப்பு. மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். வெறுந்தடியை விறகுக்கு எறிந்தார்.

என்னிடம் ஒரு தடியைத் தந்தார். சுரண்டல் சரி வந்தது, பித்தளையும் ஒருமாதிரி. கத்தியில் மாட்டிக்கொண்டேன். பட்டை முதல் முடிச்சிலேயே கிழிந்தது. கொப்பு முளைத்த இடத்தில் கண் இருக்கும், கத்தி அதைச் சுற்றிப் போகவேண்டும். இரண்டாவதில் பட்டையோடு விரலும் கீறுப்பட்டது. கறுவாச் சாறு காயத்தில் படும்போது தெரிகிறது இது தேத்தண்ணிக்குப் போடுகிற சாமான் மட்டுமில்லை என்று.

கிழிந்த துண்டுகளை நான் வெட்கத்தோடு ஒளிக்கப் பார்க்க, மாமி எட்டி வாங்கிக்கொண்டா. அவவுக்குப் பக்கத்தில் அப்படியான துண்டுகள் ஒரு கடகம் நிறைய இருந்தன. குழல் கட்டுவது அவவின் வேலை. நல்ல நீளப் பட்டையை மடியில் வைத்து, அதற்குள் இன்னொன்றை ஏற்றி, நுனியோடு நுனி செருகி நீட்டிக்கொண்டு போகிறா. 42 அங்குலம் வரை ஒரு அளவுகோல் தடி. பிறகு கடகத்திலிருந்து துண்டுகளை எடுத்து, குழலின் வயிற்றுக்குள் ஒவ்வொன்றாக இறக்குகிறா. நான் கிழித்ததும் அதற்குள் போனது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு மாதச் சண்டை என் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு துண்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஏன் நிரப்புகிறீர்கள் என்று அக்கா மூலம் கேட்டேன். காயும்போது குழல் சுருங்கும், உள்ளே பிடிப்பில்லாவிட்டால் சப்பளிந்து, கப்பலுக்குப் போக முதலே நொறுங்கிவிடும். கிழிந்தாலும் அது அதே பட்டை, அதே வாசம், எறியவா முடியும்? கயிற்றில் கிடக்கிற ஏழெட்டு நாளும் குழல்களை எடுத்துக் கையால் உருட்டி இறுக்கவும் வேண்டும். பிறகு மாமி ஒரு பிடியை எடுத்துப் பிரித்து, அதிலிருந்த இரண்டு துண்டை எனக்குக் காட்டிவிட்டுத் தூர எறிந்தா. தடிப்பானவை, சரியாகச் சுரண்டாதவை, ஓரத்தில் கறுத்த தோல். இதைப் போட்டு நிரப்புகிறவர்களும் இருக்கிறார்களாம். அவர்களைப் பற்றி மாமி சொன்ன சொல்லை அக்கா மொழிபெயர்க்கவில்லை.

மத்தியானம் சோறும் பலாக்காய்க் கறியும், கறுவா இலை போட்ட பருப்பும். கூலி எப்படி என்று கேட்டேன். இந்த வாடியில் பாதிக்குப் பாதி: உரித்த பட்டையின் விலையில் தோட்டக்காரருக்கு அரைவாசி, உரிக்கிறவர்களுக்கு அரைவாசி. கேட்க நல்ல பங்காகத்தான் தெரிந்தது. மழை இல்லாத மாதங்களைக் கேட்டேன், மாமா கையை விரித்தார். மகன் கொரியாவில். மருமகனும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். மாத்தறைப் பக்கம் திஹகொடையில் அரசாங்கத்தின் கறுவா ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இருக்கிறதே, இளம் ஆட்களைப் பழக்குகிறார்களே என்றேன். மாமா ஏதோ சொல்ல, மருமகன் தலையைக் குனிந்து சிரித்தான். "பொம்பிளை பேசப் போற இடத்தில மாப்பிள்ளைக்கு என்ன தொழில் எண்டு கேப்பினம். குருந்து தலனவா எண்டு சொன்னா, தேத்தண்ணிக் கோப்பை பாதியில நிக்கும்" என்று அக்கா சொன்னா. மகாபத்த போய் 190 வருடத்துக்கு மேலாகிறது. தேத்தண்ணிக் கோப்பைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

வெளிக்கிடும்போது மாமா என்னை எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். பழைய ஆட்கள் சொல்வார்களாம், எங்களுடைய ஆட்களும் உங்கள் பக்கத்திலிருந்து, கடலுக்கு அப்பாலிருந்து, சீலை நெய்ய வந்தவர்கள்தான் என்று. சித்தப்பாவும் நேற்று அதே கதையைச் சொன்னவர், சாலகம என்ற பெயரில் சாலியர் என்ற சொல் இருக்கிறதென்று. நெய்ய வந்த கையில் ஆரோ கத்தியைக் கொடுத்திருக்கிறார்கள்.

ரயிலில் இருக்க இடமில்லை. பாணந்துறை வரை நின்றுகொண்டே வந்தேன். கை கழுவியும் வாசம் போகவில்லை.

ஐந்தாம் நாள், திங்கள். புறக்கோட்டை, பிறகு பஸ்

காலையிலேயே நானாவின் கடை. "சண்டை புடிக்க வந்தீங்களா?" என்றார். விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் காட்டினேன். சிரித்துவிட்டு பிளேன்ரீ சொல்லிவிட்டார்.

தூளுக்கு அல்பா தேவையில்லை என்று அவரே சொன்னார். அரைபடப் போகிறதற்கு மெலிசுக் குழலுக்குக் காசு கொடுப்பது வீண், சி 4 காணும், உடைந்த துண்டும் வாங்கலாம். வியாபாரி தன் விலைகூடின சாமானை வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பிடித்தது. சி 4 எட்டுக் கிலோவும் துண்டு நாலு கிலோவும் எடுத்தேன். முறிக்கவில்லை. குழலின் வாயில் விரலை வைத்து உள்ளே தடவிப் பார்த்தேன். மூன்றாவது குழலில் ஒரு தடித்த துண்டு, சொரசொரத்த தோலோடு. இழுத்து எடுத்து மேசையில் வைத்தேன். நானா அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பெடியனைக் கூப்பிட்டு வேறு கட்டு அவிழ்க்கச் சொன்னார்.

அம்மாவுக்கு வீடியோ கோலில் காட்டினேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அப்ப மாசியில நீ அந்த மனிசனைப் பேசினது?" என்றா.

பின்னேரம் சித்தியின் பல்கனியில் நின்று அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். நாலாவது மணியில் எடுத்தார். யாழ்ப்பாணம், பத்துக் கிலோ, மாசி மாதம் என்று நினைவுபடுத்தினேன்.

"ஓ, சண்டைக்காரத் தங்கச்சி."

"உள்ள துண்டு வைக்கிறது தொழில் வழக்கம் எண்டு இப்பதான் கண்டனான். பாதிப் பிழை என்னில."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மற்றப் பாதி?"

"நீங்கள் வைச்ச துண்டில தோல் இருந்தது அண்ணை. கறுத்தத் தோல்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது, உடனே லைன் போய்விட்டது. அவர் வைத்தாரா, தானாக அறுந்ததா என்று தெரியவில்லை. ஒன்பது மணி பஸ். கறுவாக் கட்டை கீழே லக்கேஜில் போடச் சொன்னார் கண்டக்டர். மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து ஆசன அம்மா ஏறினதிலிருந்து, ஆர் பிரியாணி கொண்டுபோகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறா.